விபத்து கேஸ் புரோக்கர்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்கள் கவனத்துக்கு

தொப்பூர் கணவாயில் லாரி மோதி என் அக்கா வீட்டுக்காரர் இறந்துபோனார். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடலை வாங்குவதற்குள் மார்ச்சுவரி வாசலிலேயே ஒரு ஆள் வந்து நின்றான். "நஷ்டஈட்டு கேஸுக்குச் செலவே இல்லம்மா, எல்லாம் நாங்க பாத்துக்கறோம். பணம் வந்ததும் நூத்துக்கு முப்பது குடுத்தாப் போதும்" என்றான். ஆம்புலன்ஸ் வாடகையையும் அவனே கட்டினான். அந்த நேரத்தில் யாருக்குமே அது உதவியாகத்தான் தெரியும்.

காரியம் முடிவதற்குள் அக்காவிடம் வக்காலத்து (வக்கீலை நியமிக்கும் தாள்), எழுதாத பத்திரம், புதிதாகத் தொடங்கிய வங்கிக் கணக்கின் செக்குகள் என்று எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிவிட்டான். கணக்கில் பதிந்த செல்போன் நம்பர் அவனுடையது. அப்புறம் ஒருநாள் கோர்ட்டுக்குக் கூட்டிப்போய், வாய்தா என்று சொல்லி இன்னொரு தாளிலும் கையெழுத்து. உண்மையில் அன்று நடந்தது மக்கள் நீதிமன்றம், அதாவது லோக் அதாலத். அங்கே சமரசமானால் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் இ-கோர்ட்ஸ் தளத்தில் அம்மா பெயரைப் போட்டுத் தேடியபோதுதான் கேஸ் எப்போதோ முடிந்தது தெரிந்தது. கணக்கில் வந்த 14 லட்சத்தில் பாதிக்கு மேல் செக் வழியாகப் போயிருந்தது. அதுவரை அவன் "அடுத்த மாசம் வாய்தா" என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவதே வக்கீல்களுக்கான இந்திய பார் கவுன்சில் விதிப்படி தவறு. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் புரோக்கர் பிடித்துத் தந்த வக்கீல் மீது சென்னையில் உள்ள பார் கவுன்சிலுக்கும், புரோக்கர் மீது போலீசுக்கும் புகார் கொடுத்திருக்கிறோம்.

இப்படிப்பட்ட தரகர்களின் பட்டியலை மாவட்ட நீதிபதியும் கலெக்டரும் வெளியிடலாம் என்று 2023-இல் வழக்கறிஞர் சட்டத்தைத் திருத்தினார்கள். நல்லதுதான். ஆனால் பட்டியலில் பெயர் வந்த பிறகும் இதே வேலையைச் செய்தால் 3 மாதம் வரை சிறை அல்லது 500 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், இவ்வளவுதான் தண்டனை. லட்சக்கணக்கில் சுருட்டுகிறவன் 500 ரூபாய்க்கு ஏன் பயப்படப் போகிறான்?

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு அரசே இலவசமாக வக்கீல் வைத்துத் தரவேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. அதற்கான அலுவலகம் மாவட்ட நீதிமன்றத்திலேயே இருக்கிறது. 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம். இதை அக்காவிடம் யாருமே சொல்லவில்லை. புரோக்கர் நிற்கிற அதே மார்ச்சுவரி வாசலில் ஆணைக்குழுவின் தன்னார்வலர் ஒருவரை அரசு நிறுத்த வேண்டும்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் முதலில் வங்கிக்குப் போய் செல்போன் நம்பரை மாற்றுங்கள், செக்குகளை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள். வக்கீலை மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.