ஹட்டனிலிருந்து சென்னை: கட்டுநாயக்கவா, பலாலியா?

மலையகத்து ஹட்டனிலிருந்து சென்னைக்குப் பறக்க இரண்டு விமான நிலையங்கள்: கொழும்புக்கு வடக்கே கட்டுநாயக்க, யாழ்ப்பாணத்தில் பலாலி. வரைபடத்தில் பலாலிதான் சென்னைக்குக் கிட்ட. அங்கிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் சுமார் 355 கிலோமீற்றர், கட்டுநாயக்கவிலிருந்து 645. திருச்சி என்றால் பலாலியிலிருந்து 185, கட்டுநாயக்கவிலிருந்து 420. ஆனால் பறக்கும் நேரம் இந்தக் கணக்குக்குக் குறைவதில்லை. பலாலிக்கு வருகிற ஏடிஆர் 72 காற்றாடி விமானம். மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில்தான் போகும். கட்டுநாயக்கவில் ஏறுகிற ஜெட் 800ஐத் தாண்டும். சென்னைக்கு இரண்டிலுமே ஏறக்குறைய ஒன்றேகால், ஒன்றரை மணித்தியாலம். மேலே மிச்சமாவது ஒரு பிளேன்டீ குடிக்கிற நேரம்.

தீர்மானிப்பது கீழே இருக்கிற ரோடு. ஹட்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வேனில் நாலு, ஐந்து மணித்தியாலம். பலாலிக்கோ முதலில் கண்டிக்கு இறங்க வேண்டும். அங்கிருந்து ஏ9 வீதியில் யாழ்ப்பாணத்துக்கு 321 கிலோமீற்றர், அதன் பிறகும் பலாலி வரை ஓட்டம். மொத்தம் பத்து மணித்தியாலம் பிடிக்கும். பகல் விமானத்துக்கு முதல் நாளே புறப்பட்டு வடக்கில் தங்கத்தான் வேண்டும். திரும்பும்போதும் அதே கதை. டிக்கட் விலை குறைவாகத் தெரிந்தால், இந்த இரண்டு இரவையும் வேன் ஹயரையும் கூட்டிவிட்டுப் பாருங்கள்.

எங்கள் தெரிவு கட்டுநாயக்கதான். டிரைவரிடம் கொழும்புக்குள் போக வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை, ஹங்வெல்ல வழியாகக் கடுவலையில் ஹைவே ஏறினால் கெரவலப்பிட்டியில் கட்டுநாயக்க ஹைவேயோடு சேரலாம். நகர நெரிசலே படாது. காலை எட்டு மணி விமானம் என்றால் ஐந்துக்கு அங்கே நிற்க வேண்டும். அதற்கு நள்ளிரவுக்கு முன்பே ஹட்டனை விட வேண்டும்.

இந்தப் பாதையிலும் வில்லங்கம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மண் சரியும், மரம் விழும். வட்டவளை வளைவுகளில் பனி இறங்கினால் வேன் ஊர்ந்துதான் போகும். இரண்டு மணித்தியாலம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள். கினிகத்தேனைக்கு அப்பால் பாதை அடைபட்டால் மாற்று வழி நாவலப்பிட்டி, கம்பளை, கடுகண்ணாவை, கேகாலை. கடுகண்ணாவையிலும் சரிவு வரும் என்பதால், எது திறந்திருக்கிறது என்று கிளம்புமுன் விசாரியுங்கள். வாந்தி எடுக்கிற பிள்ளையை எட்டியாந்தோட்டை வரைக்கும் முன் சீட்டில் வைத்துக்கொள்வது நல்லது. அதன் பிறகு வளைவு குறைந்துவிடும்.

பலாலி சரிப்படுவது ஒரு கூட்டத்துக்கு. தமிழருக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து போய், பலாலிக்குப் போகும் வழியிலுள்ள வவுனியா, கிளிநொச்சியில் குடியேறிய சொந்தங்கள் உள்ளவர்கள் எப்படியும் அங்கே இரண்டு நாள் நிற்பார்கள். தங்கும் செலவும் இல்லை. அப்படிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சின்னது. கைப்பையைப் படியருகே வாங்கிச் சரக்கு அறையில் போடச் சொன்னால், பாஸ்போட், மாத்திரை, நகை மூன்றையும் அதற்கு முன்பே கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.