சேலத்துக் கடிகாரத்தில் 2024 கூடைப்பந்து: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

என்.பி.ஏ. (அமெரிக்க ஆண்கள் லீக்), யூரோலீக் (ஐரோப்பிய கிளப்புகளின் லீக்), ஒலிம்பிக், டபிள்யூ.என்.பி.ஏ. (அமெரிக்கப் பெண்கள் லீக்), அமெரிக்கக் கல்லூரிப் போட்டி என்று 2024-ல் ஜனவரி முதல் டிசம்பர் வரை உலகத்தின் ஏதாவது ஒரு மூலையில் பந்து தட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க வேண்டுமென்றால் வேறு வேலை எதுவும் இருக்கக் கூடாது. சேலத்தில் பள்ளி டீமில் ஆடும் பிள்ளைகள், அவர்களை விடிகாலையில் பயிற்சிக்குக் கொண்டுவந்து விடும் அப்பா அம்மா, முட்டி வலித்தாலும் ஞாயிற்றுக்கிழமை கோர்ட்டுக்கு வந்துவிடும் என் வயதுக்காரர்கள், இவர்களுக்கு இதில் எது உருப்படியாகத் தேறும் என்று யோசித்ததில் எழுதுகிறேன். சிறந்த ஆட்டக்காரர்கள் என்.பி.ஏ.வில்தான் இருக்கிறார்கள், அதில் சண்டை இல்லை. ஆனால் நான் பார்ப்பது இரண்டைத்தான்: நம் நேரத்துக்கு ஒத்துவருகிறதா, பார்த்ததை மறுநாள் நம் சிமென்ட் கோர்ட்டில் செய்து பார்க்க முடிகிறதா.

நேரத்தை முதலில் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை. நியூயார்க், பாஸ்டன் பக்கம் ஆட்டம் தொடங்கும்போது இங்கே காந்தி ஸ்டேடியத்துக்கு வாக்கிங் கிளம்புகிறவர்கள் ஷூ மாட்டிக்கொண்டிருப்பார்கள். ஐரோப்பாவில் ராத்திரி ஆட்டம் என்றால் நமக்கு நடுநிசி. குளிர்காலத்தில் பார்சிலோனாவில் எட்டரைக்குத் தொடங்குவது இங்கே ஒரு மணிக்கு. சீக்கிரம் எழுவது விளையாட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான். ஆனால் நடுநிசி தாண்டிக் கண் விழித்துவிட்டு மறுநாள் பயிற்சிக்கு வந்தால் கால் நகராது. இந்த ஒரு காரணத்தாலேயே அமெரிக்கப் போட்டிகள் பாதி ஜெயித்துவிடுகின்றன.

2024 என்.பி.ஏ. இறுதிச் சுற்று நமக்குக் காலை ஆறு மணியை ஒட்டித் தொடங்கியது. பாஸ்டன் செல்டிக்ஸ், டல்லாஸ் மேவரிக்ஸை ஆட்டக் கணக்கில் 4-1 என்று வீழ்த்தி 18-வது கோப்பையை எடுத்தது. லேக்கர்ஸ் அணியின் 17-ஐத் தாண்டியாயிற்று. ஜூன் 18 காலை கடைசி ஆட்டம் 106-88 என்று முடிந்தபோது இங்கே பள்ளி திறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. முதல் பாதியைப் பார்த்துவிட்டு ஸ்கூல் பஸ்ஸைப் பிடித்துவிடலாம், அந்த வசதி இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய எட்டு மாதம்? 30 அணிகள், அணிக்கு 82 ஆட்டங்கள். சில ஆட்டங்களில் பெரிய ஆட்களுக்கு ஓய்வு. பிப்ரவரியில் நடந்த, நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தின் ஸ்கோர் 211-186. யாரும் யாரையும் தடுக்கவில்லை. வேடிக்கைக்குப் பார்க்கலாம், கூடைப்பந்து என்று சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. செல்டிக்ஸ் ஆட்டத்துக்கு நாற்பதுக்கு மேல் த்ரீ (மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து எறிவது) எறிந்த அணி. ஏழடி தாண்டிய சென்டர்கூட வெளியே நின்று எறிவார். அது அவர்களுக்குச் சரி. அதைப் பார்த்துவிட்டு வரும் எட்டாம் வகுப்புப் பையன் லே-அப் (கூடைக்குப் பக்கத்தில் ஓடிவந்து போடுவது) ஒழுங்காகப் போட வராமல், நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று உடம்பையே சுழற்றி எறிகிறான். என்.பி.ஏ.வின் மூன்று புள்ளிக் கோடு உச்சியில் 7.24 மீட்டர், நம் கோர்ட்டில் வரைந்திருக்கும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) கோடு 6.75. குவார்ட்டர் அங்கே 12 நிமிடம், இங்கே 10. அங்கே ஆறாவது பவுலில் வெளியே போக வேண்டும், இங்கே ஐந்தாவதிலேயே. அவர்கள் ஆடுவது கிட்டத்தட்ட வேறு ஆட்டம் என்றே சொல்வேன். ஏப்ரலில் பிளே-ஆஃப் (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) தொடங்கியதும் பார்த்தால் போதும்.

நம் கோர்ட்டுக்குப் பாடப் புத்தகம் மாதிரி இருப்பது யூரோலீக். நாற்பது நிமிட ஆட்டம், ஐந்து பவுல், 6.75 கோடு, எல்லாம் நம் பள்ளி டோர்னமென்ட்டில் இருப்பதே. என்.பி.ஏ.வில் ஒரு விதி உண்டு: தடுக்கிறவர் பக்கத்தில் ஆள் இல்லாமல் கூடைக்கடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஐரோப்பாவில் அது கிடையாது. அதனால் உயரமான ஆள் உள்ளேயே நிற்பார், தனியாக டிரிபிள் பண்ணிக்கொண்டு நுழைய முடியாது, பாஸ் கொடுத்தே ஆக வேண்டும். சேலத்தில் ஜோன் டிஃபென்ஸ் (ஆளுக்கு ஆள் இல்லாமல் இடத்தைக் காப்பது) போட்டால் நம் பசங்கள் திணறுவதும் இதே இடத்தில்தான். 2024 மே மாதம் பெர்லினில் நடந்த இறுதி ஆட்டத்தில் பானாதினாய்கோஸ், ரியல் மாட்ரிட்டை 95-80 என்று வென்றது. அவர்களுடைய ஏழாவது கோப்பை, 2011-க்குப் பிறகு முதல் முறை. அந்த வார இறுதியின் சிறந்த ஆட்டக்காரர் கோஸ்டாஸ் ஸ்லூகாஸ், முந்தைய கோடையில்தான் ஒலிம்பியாகோஸிலிருந்து வந்தவர். கிரீஸில் அந்த இரண்டு அணிகளுக்கும் ஆகவே ஆகாது. அங்கிருந்து இங்கே தாவி, வந்த வருடமே கோப்பையும் வாங்கிக் கொடுத்துவிட்டார். எதிர் கோஷ்டிக்காரர்களுக்கு எப்படி எரிந்திருக்கும்!

சரி, இவ்வளவு நல்லது என்றால் யூரோலீக்கையே பார்க்கலாமே? நேரம்தான் கெடுக்கிறது. வாரத்தின் நடுவில், நடுநிசிக்குப் பிறகு. ஸ்கோர் கண்ணில் படாமல் தப்பித்து மறுநாள் சாயங்காலம் பார்க்கிறவர்களுக்கு இது முதல் தேர்வு. எனக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, போனைத் திறந்ததும் முடிவு தெரிந்துவிடுகிறது. மே மாத ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகளின் சுற்று) மட்டும் விதிவிலக்கு. வெள்ளியும் ஞாயிறும்தான் ஆட்டம், பள்ளி லீவு, கோடை விழாவுக்காக ஊரே ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும் சமயம், வெயிலில் எப்படியும் தூக்கம் வராது.

அடுத்தது ஒலிம்பிக். ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் பண்டிகைக் கூட்டம், அதற்கு நடுவில் பாரிஸ். யூரோலீக்கோடு ஒப்பிட்டால் பயிற்சித் தரம் குறைவு. சில வாரங்கள் சேர்ந்து ஆடிய அணிகளிடம் அந்த நெருக்கம் வராது. ஆனால் கதைக்கு இதை அடிக்க எதுவும் இல்லை. தெற்கு சூடானை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் பிறந்த நாடு, அப்போது உள்ளரங்கக் கோர்ட் இல்லாத நாடு. லண்டனில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அமெரிக்காவை 101-100 வரை இழுத்து வந்தார்கள். ஒலிம்பிக்கில் முதல் ஆட்டத்துக்கு நின்றபோது ஒலித்தது அவர்களுடைய தேசிய கீதமே இல்லை, வேறொன்றைப் போட்டுவிட்டார்கள். அதையும் தாங்கிக்கொண்டு போர்ட்டோ ரிக்கோவை 90-79 என்று அடித்தார்கள். வெயிலில் வெந்த தரையில் ஆடிப் பழகும் நம் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆண்கள் அரையிறுதியில் செர்பியாவிடம் 17 புள்ளி பின்தங்கிய அமெரிக்கா 95-91 என்று தப்பித்தது. ஸ்டெஃப் கரி 36 புள்ளி. இறுதியில் பிரான்ஸை 98-87 என்று வென்றார்கள். இரண்டுமே நமக்கு நள்ளிரவு தாண்டி. பெண்கள் இறுதி ஆட்டம்தான் நமக்கென்றே வைத்தது போல ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு வந்தது. பிரான்ஸ் மூன்று புள்ளி பின்னால் இருக்க, கடைசி விநாடியில் கேபி வில்லியம்ஸ் எறிந்த பந்து உள்ளே விழுந்தது. காலின் முன்பகுதி கோட்டின் மேல் இருந்ததால் அது இரண்டு புள்ளிதான். 67-66, அமெரிக்காவுக்குத் தொடர்ந்து எட்டாவது தங்கம். எறிவதற்கு முன்னால் காலைப் பார் என்று எத்தனை முறை கத்தினாலும் கேட்காத பையனுக்கு அந்த ஒரு துண்டைப் போட்டுக் காட்டுங்கள். (நம் கோர்ட்டுகள் பலவற்றில் மூன்று புள்ளிக் கோடு அழிந்து, வாலிபால் கோடுதான் பளிச்சென்று தெரிகிறது. அது வேறு பிரச்சினை.)

ஒலிம்பிக்குக்கு நேர்ப் போட்டி உலகக் கோப்பை. முந்தைய ஆண்டு, 2023-ல், ஜெர்மனி கோப்பையை எடுத்தது, அமெரிக்காவுக்குப் பதக்கமே கிடைக்கவில்லை. ஒலிம்பிக்கில் 12 அணிகள், அங்கே 32. யார் ஜெயிப்பார்கள் என்று முன்கூட்டியே தெரியாத போட்டி வேண்டுமென்றால் உலகக் கோப்பைதான். அடுத்தது 2027-ல் கத்தாரில். அவர்களுக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம் என்பதால் அந்த ஒரு முறை தூக்கம் ரொம்பக் கெடாது.

அமெரிக்கக் கல்லூரிப் போட்டியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. 68 அணிகள், ஒரு தோல்வியோடு வீட்டுக்கு, மூன்று வாரம் பரபரப்பு. ஆனால் அது மார்ச் மாதம். வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருக்கும்போது யார் டிவி போடுவார்கள்? ஒரே ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்வேன். 2024-ல் பெண்கள் இறுதி ஆட்டத்தை, தென் கரோலினா அயோவாவை 87-75 என்று வென்றதை, அமெரிக்காவில் சராசரியாக 1.89 கோடிப் பேர் பார்த்தார்கள். ஆண்கள் இறுதிக்கு 1.48 கோடிதான். அயோவாவின் கெய்ட்லின் கிளார்க்கைப் பார்க்க வந்த கூட்டம் அது.

அந்தக் கூட்டம் அப்படியே டபிள்யூ.என்.பி.ஏ.வுக்கு நகர்ந்தது. என் ஓட்டும் அதற்குத்தான். ஆண்கள் லீக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024-ல் 12 அணிகள், அணிக்கு 40 ஆட்டங்கள், மே முதல் அக்டோபர் வரை. ஒரு அணியைப் பிடித்துக்கொண்டு முழு சீசனையும் தொடர முடியும். நேரம் அதே விடிகாலை. பத்து நிமிடக் குவார்ட்டர். கோடு உச்சியில் நம்முடையதைப் போலவே 6.75. பந்து நம் பெண்கள் டீம் ஆடும் அதே ஆறாம் நம்பர். மூன்று விநாடி விதியும் ஆறு பவுலும் மட்டும் என்.பி.ஏ. மாதிரி. எல்லாவற்றையும்விட முக்கியம், இங்கே ஆட்டம் வளையத்துக்குக் கீழே நடக்கிறது. ஸ்கிரீன் வைப்பது (தடுக்கிறவர் வழியில் நின்று மறிப்பது), பிவட் காலை (ஊன்றிய காலை) நகர்த்தாமல் திரும்புவது, பாக்ஸ் அவுட் பண்ணி (எதிராளியை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி) ரீபவுண்ட் எடுப்பது எல்லாம் நிதானமாகக் கண்ணுக்குத் தெரியும். ஐந்தரை அடிப் பிள்ளையால் மறுநாள் செய்து பார்க்கக்கூடியவை இவை. வளையத்துக்கு மேலே குதித்துப் பந்தைத் திணிக்கும் டங்க்கை எத்தனை முறை பார்த்தாலும் அவனால் குதிக்க முடியாது. “லேடீஸ் ஆட்டமா?” என்று இழுக்கும் அண்ணன்மார்கள் கோர்ட் பக்கம் எப்போதும் இருக்கிறார்கள். அவர்களுடைய இடக்கை லே-அப்பைப் பார்த்திருக்கிறேன், அதனால் பதில் சொல்வதில்லை.

2024 இறுதிச் சுற்று ஒன்றே போதும். நியூயார்க் லிபர்ட்டியும் மினசோட்டா லிங்க்ஸும். முதல் ஆட்டத்தில் 18 புள்ளி பின்னால் இருந்த லிங்க்ஸ், கூடுதல் நேரத்தில் 95-93 என்று பறித்துக்கொண்டது. மூன்றாவது ஆட்டத்தில் சப்ரினா யோனெஸ்கு கோட்டுக்கு வெகு தூரம் வெளியே நின்று எறிந்த பந்துதான் 80-77 என்று முடித்தது. (இதையும் காப்பியடிப்பார்கள், என்ன செய்ய.) ஐந்தாவது ஆட்டம் அக்டோபர் 21, திங்கட்கிழமை, விடிகாலை ஐந்தரை மணி. கடைசி ஐந்து விநாடியில் பிரியானா ஸ்டூவர்ட்டுக்குக் கிடைத்த பவுல், அதில் போட்ட இரண்டு ஃப்ரீ த்ரோ, 60-60. அது பவுலே இல்லை என்று லிங்க்ஸ் கோச் செரில் ரீவ் முறையிட்டும் எடுபடவில்லை. கூடுதல் நேரத்தில் 67-62. லீக் தொடங்கிய 1997 முதல் ஆடிவரும் லிபர்ட்டி, ஐந்து இறுதிச் சுற்றுகளில் தோற்ற பிறகு எடுத்த முதல் கோப்பை. சிறந்த ஆட்டக்காரர் பஹாமாஸிலிருந்து வந்த ஜோன்குவெல் ஜோன்ஸ். அது பவுலா இல்லையா என்று இன்றைக்கும் சண்டை போடலாம். இல்லை என்பது என் கட்சி.

கோர்ட்டில் ஒரு பக்கக் கூடை உடைந்து கிடக்கும் பள்ளிகளுக்கு 3x3 (பக்கத்துக்கு மூன்று பேர் ஆடுவது) பக்கம் பார்வை திரும்பலாம். பாதிக் கோர்ட், ஒரு கூடை, பத்து நிமிடம் அல்லது 21 புள்ளி. பாரிஸில் ஆண்கள் தங்கத்தை நெதர்லாந்து 18-17 என்று பிரான்ஸிடமிருந்து கூடுதல் நேரத்தில் பிடுங்கியது. மொத்தமாகக் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால் விடுதியில் டிவி நேரம் எண்ணிக் கொடுக்கப்படும் பிள்ளைகளுக்கும் ஏற்றது.

இவை எல்லாம் திரையில். நேரில் பார்க்கக் கிடைத்தது நவம்பரில் சென்னை நேரு உள்ளரங்கில் நடந்த ஆசியக் கோப்பைத் தகுதி ஆட்டங்கள்தான். இந்தியா கத்தாரிடம் தோற்றது, மூன்று நாள் கழித்துக் கஜகஸ்தானை 88-69 என்று வென்றது. தரத்தில் மேலே சொன்ன எதற்கும் பக்கத்தில் வராது. 1980-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் தலைகாட்டாத அணி. ஆனாலும் ஷூ கிறீச்சிடுவதும் கோச் கத்துவதும் காதில் விழும் தூரத்தில் உட்கார்ந்து பார்ப்பது டிவியில் வராது. அடுத்த முறை சென்னைக்கு வந்தால் டீமையே கூட்டிக்கொண்டு போங்கள். ஆட்டம் முடிந்து சாப்பிட்டுவிட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலை சேலம். டிக்கெட்டை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், பத்துப் பன்னிரண்டு பேருக்குக் கடைசி நேரத்தில் அந்த வண்டியில் இடம் கிடைக்காது.