சிறுநீர்க்குழாய்க் கல்லுக்கு லேசர் சிகிச்சை: கை தேர்ந்தது, தாளில்தான் குறை

இடப்பக்கச் சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் அடைத்துக்கொண்டிருந்த 11 மில்லிமீட்டர் கல்லை, மதுரையிலுள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் லேசர் மூலம் அகற்றிக்கொண்டேன். உடலில் ஒரு தையல்கூட இல்லை. அனுமதிக்கப்பட்ட மூன்றாம் நாளே வீடு திரும்பிவிட்டேன். சிகிச்சையைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. அதற்குப் பிந்தைய மூன்று வாரங்களைப் பற்றி அப்படிச் சொல்ல இயலாததால், மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்துவிட்டு எழுதுகிறேன்.

கல்லடைப்பு என்றதும் வீட்டில் வாழைத்தண்டுச் சாறும் சிறுபீளைக் கஷாயமுமாக ஒரு மாதத்தைக் கழித்திருந்தேன். மருத்துவர் அதைக் கேலி செய்யவில்லை. 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்கிவிடும் என்றும், 10 மில்லிமீட்டரைத் தாண்டியது அப்படி இறங்குவது அரிது என்றும் கூறிவிட்டு, மருந்துச் சீட்டின் பின்புறத்தில் ஒரு படம் வரைந்தார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்குழாயில் இயல்பாகவே மூன்று இடங்கள் குறுகியிருக்கும். என்னுடைய கல் முதல் குறுகலைக் கடந்தவுடன் சிக்கியிருந்தது. வெளியிலிருந்து அதிர்வலை செலுத்தி உடைக்கும் முறை 1980 முதல் மனிதர்களுக்குப் பயன்பட்டு வருகிறது என்றாலும், சி.டி. ஸ்கேனில் என் கல்லின் அடர்த்தி 1,200 அலகைத் தாண்டியிருந்ததால் அது எளிதில் உடையாது என்றார். முதுகில் சிறு துளையிட்டுச் சிறுநீரகத்துக்குள் நேரடியாக நுழையும் முறை, 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கற்களுக்கே பெரிதும் உரியது. எஞ்சியது, சிறுநீர் வெளியேறும் வழியாகவே உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி லேசரால் உடைப்பது. இத்தனை பொறுமையாக எடுத்துச் சொல்லும் மருத்துவரை நான் அதிகம் கண்டதில்லை.

மற்றொன்றையும் பாராட்ட வேண்டும். சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி இருப்பது தெரிந்ததும், அறை பதிவாகியிருந்த நிலையிலும் சிகிச்சையை ஆறு நாள் தள்ளிவைத்து, முதலில் மாத்திரை கொடுத்தார்கள். உள்ளே அழுத்தத்துடன் நீர் பாய்ச்சித்தான் இச்சிகிச்சையைச் செய்ய முடியும். கிருமியுள்ள நிலையில் அப்படிச் செய்தால் அது இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

முதுகுத்தண்டில் மட்டும் மயக்க ஊசி போட்டிருந்ததால் திரையில் எல்லாவற்றையும் என்னால் பார்க்க முடிந்தது. வெளிறிய சிவப்பு நிறச் சுரங்கம் போன்ற குழாயின் முடிவில், பழுப்பேறிய கற்கண்டுத் துண்டைப் போல் அது உட்கார்ந்திருந்தது. விறைப்பான கருவி அருகே சென்றதும் நீரின் வேகத்தில் கல் நழுவி மீண்டும் சிறுநீரகத்துக்குள்ளேயே போய்விட்டது. இப்படி நேரலாம் என்று முன்னரே சொல்லியிருந்தார்கள் என்பதால் நான் பதறவில்லை. வளையும் கருவிக்கு மாறி, சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணத்தில் பதுங்கியிருந்த கல்லைத் தேடிப் பிடித்து, தலைமுடியைவிடச் சற்றே தடித்த லேசர் இழையை அதன் மேல் வைத்தார்கள். டக் டக்கென்ற ஓசையுடன் ஓரங்கள் முதலில் உதிர்ந்தன; முக்கால் மணி நேரத்தில் மாவுதான் மிஞ்சியது.

பிரச்சினை தொடங்கியது வீட்டில். சிகிச்சைக்குப் பின் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ளாமல் இருக்க, இரு முனையும் சுருண்ட டி.ஜே. ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழலை உள்ளே விட்டுவைக்கிறார்கள். அது இருக்கும்வரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதையோ, சிறுநீர் கழிக்கும்போது நீர் மேல்நோக்கி ஏறுவதால் விலாவில் சுளீரென்று வலிக்கும் என்பதையோ, மாடிப்படி ஏறினாலே சிறுநீர் சிவக்கலாம் என்பதையோ யாரும் என்னிடம் கூறவில்லை. இரண்டாம் நாள் சிவப்பைக் கண்டு நான் அவசரப் பிரிவுக்கு ஓடியபோது, பணியிலிருந்த செவிலியர், "இது எல்லோருக்கும் இருப்பதுதான் சார்" என்றார். எல்லோருக்கும் இருப்பதென்றால் எல்லோரிடமும் முன்பே சொல்லியிருக்கலாம் அல்லவா? வலியைத் தணிக்கும் மாத்திரை ஒன்று இருப்பதுகூட அன்றுதான் தெரிந்தது.

அதைவிடப் பெரிய குறை, டிஸ்சார்ஜ் தாளில் ஸ்டென்ட்டை எடுக்க வேண்டிய தேதிக்கான இடம் வெறுமையாக இருந்தது. மாதக்கணக்கில் மறந்துபோன ஸ்டென்ட்டின் மீதே கல் படிந்து, அதை எடுக்கவே தனி அறுவை சிகிச்சை தேவைப்படுவதுண்டு. மூன்று வாரம் என்று நானாகவே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்கத் தெரியாத முதியவர் ஒருவர் என்ன செய்வார்? எடுக்கும் வேலை என்னவோ, மரத்துப்போகும் ஜெல்லைத் தடவி இரண்டே நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கட்டணத்தில், வளையும் கருவிக்கான கூடுதல் தொகையை முன்பே எழுதிக் காட்டிக் கையொப்பம் வாங்கியிருந்ததால் எனக்கு வருத்தமில்லை. ஸ்டென்ட் எடுப்பதற்குத் தனியாக 6,500 ரூபாய் கேட்டதுதான் நெருடியது. உள்ளே வைத்ததை எடுத்துத்தான் ஆக வேண்டும் எனும்போது அதை முதல் தொகையிலேயே சேர்த்துச் சொல்வதே முறை.

கல்லின் துணுக்கைப் பரிசோதித்ததில் கால்சியம் ஆக்சலேட் என்று வந்தது. இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவுக்கு நாள்தோறும் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து ஸ்கேன். அதற்கும் இதே மருத்துவரிடம்தான் செல்வேன். மீண்டும் ஒரு ஸ்டென்ட் வைக்க நேர்ந்தால், தேதி எழுதப்படாத தாளை வாங்கிக்கொண்டு படியிறங்க மாட்டேன்.