தடை எவ்வளவு உயரம் என்றுகூடக் கேட்காத ஏஜென்ட்: 5க்கு 2 நட்சத்திரம்

அக்கா மகளை அமெரிக்கக் கல்லூரியில் திடல்தட வீராங்கனையாகச் சேர்த்துவிடுகிறோம் என்று சொன்ன கோலாலம்பூர் ஏஜென்டிடம் காசு கட்டி எட்டு மாதம் ஆகிறது. சுங்கை சிப்புட்டில் இன்னும் இரண்டு வீட்டில் இதே பேச்சு ஓடுவதால் எழுதுகிறேன். பெயர் போடப் போவதில்லை. மொத்தம் 8,000 வெள்ளி (ரிங்கிட்) கேட்டார்கள், பாதி கட்டிவிட்டோம்.

பிள்ளை ஓடுவது 100 மீட்டர் தடையோட்டம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளித் திடலில், சுண்ணாம்புக் கோடு போட்ட புல்லில் ஆரம்பித்தவள். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் பட்டறையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு நான்தான் மோட்டாரில் ஏற்றி ஈப்போ ஸ்டேடியத்துக்குக் கொண்டுபோகிறேன். அக்காவுக்குச் செம்பனை ஆலையில் வேலை, அவரால் வர முடியாது.

முதல் நாள் அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்தது பால் சேர்க்காத தே ஓவும் ஒரு பளபளா புத்தகமும்தான். அதில் பக்கத்துக்குப் பக்கம் டிவிஷன் 1, டிவிஷன் 1. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ என்ற அமைப்பின் கீழ் மூன்று டிவிஷன் இருக்கின்றன என்பதையும், மூன்றாவதில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளமே கிடையாது என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து 'உபகாரச் சம்பள வாய்ப்புள்ள கல்லூரிகள்' என்று பன்னிரண்டு பெயர் அனுப்பினார்கள். அதில் இரண்டு டிவிஷன் 3. கண்டுபிடித்தது பிள்ளைதான், ராத்திரி பதினோரு மணிக்குக் கைப்பேசியில் தேடி. "மாமா, இதுக்கா நாலாயிரம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதைவிட மோசம் தடை விஷயம். நல்ல வீடியோ எடுத்துக் கொடுத்தார்கள், அதை மறுக்க மாட்டேன், தொடக்கப் பெட்டியிலிருந்து முடிவுக் கோடு வரை பக்கவாட்டில் சுத்தமாக எடுத்திருந்தார்கள். ஆனால் கீழே போட்ட நேரம் அவள் பள்ளிப் போட்டியில், 18 வயதுக்குட்பட்டோர் தடையில் ஓடியது. அந்தத் தடை 76.2 சென்டிமீட்டர். கல்லூரியில் பெண்கள் தாண்டுவது 83.8. இடைவெளி இரண்டுக்கும் அதே 8.5 மீட்டர்தான், பத்துத் தடைதான், ஆனால் உயரம் ஏழரை சென்டிமீட்டருக்கு மேல் கூடுகிறது. பட்டறையில் டேப்பை வைத்துச் சுவரில் இரண்டு கோடு கிழித்துக் காட்டிய பிறகுதான் அக்காவுக்கு விளங்கியது. பதில் போட்ட ஒரே ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் முதல் வரியிலேயே கேட்டது இதைத்தான்: எந்த உயரம்? ஏஜென்ட் எங்களுக்குப் போன் செய்து, "உயரம்னா, பிள்ளையோட உயரமா?" என்கிறார். எட்டாயிரம் வெள்ளி வாங்குகிற ஆள்!

காசு பேச்சுக்கு வருவோம். 'ஃபுல் ஸ்காலர்ஷிப்' என்று ஏஜென்ட் அடிக்கடி சொல்வார், நம்பாதீர்கள். கொடுப்பதே இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் திடல்தடத்தில் பெரும்பாலும் பிரித்துத்தான் கொடுப்பார்கள். டிவிஷன் 2-இல் பெண்கள் அணிக்கு மொத்தம் 12.6 முழு உபகாரச் சம்பளத்துக்குச் சமமான தொகை என்பது வரம்பு, அதைப் பயிற்சியாளர் முப்பது பேருக்குக்கூடப் பங்கு வைக்கலாம். டிவிஷன் 1-இல் முன்பு 18 என்று இருந்தது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது குறித்த வழக்கில் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு, 2025-26 முதல் அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு போய், அணியில் 45 பெண்கள்தான் இருக்கலாம் என்று வந்திருக்கிறது. குண்டு எறிகிறவர், நீளம் தாண்டுகிறவர், நெடுந்தூரம் ஓடுகிறவர் எல்லாரும் அந்த 45-க்குள் அடங்க வேண்டும். அதனால் கடைசி இடங்களுக்கு நெரிசல் கூடியிருக்கிறது. மீதிச் செலவைப் 'பார்ட் டைம் வேலை பார்த்துக் கட்டிடலாம்' என்றார் ஏஜென்ட். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். பயிற்சியும் வகுப்பும் போக அந்த இருபதும் எங்கே கிடைக்கும்?

சரி, இரண்டு நட்சத்திரம் எதற்கு? ஒன்று வீடியோவுக்கு. இன்னொன்று அங்கே ஆவணம் பார்க்கும் தங்கச்சிக்கு. சான்றிதழ்களை மலாய் மூலத்தோடு வரிக்கு வரி ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து அனுப்ப வேண்டும், டிவிஷன் 1-க்கு 16 முக்கியப் பாடங்களும் அவற்றில் 4-க்கு 2.3 என்ற மதிப்பெண் சராசரியும் வேண்டும் என்று பொறுமையாக உட்கார்ந்து விளக்கியது அந்தப் பெண்தான். தனியாக அந்த வேலைக்கு மட்டும் 500 வெள்ளி கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கட்டியிருப்பேன்.

கடைசி இரண்டு மாதமாகப் பிள்ளையே பயிற்சியாளர்களுக்கு எழுதுகிறாள். 83.8-இல் ஓடிய நேரத்தை, ஓடும்போது வீசிய காற்றின் அளவோடு போடுகிறாள். தடைக்கென்று தனிப் பயிற்சியாளர் உண்டா, காயம் பட்டால் அடுத்த வருடம் உபகாரச் சம்பளம் தொடருமா, டிசம்பர் விடுமுறையில் விடுதியை மூடினால் வெளிநாட்டுப் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள் என்றெல்லாம் கேட்கிறாள். எடை பார்த்துத் திட்டுகிற பயிற்சியாளரா, மாதவிடாய் நின்றுபோனால் மருத்துவரிடம் அனுப்புகிறார்களா என்பதை அணியில் ஓடுகிற பெண்களிடமே கேட்டிருக்கிறாள். எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி அது. ஏஜென்டின் புத்தகத்திலும் இல்லை.

பெரிய பெயரைப் பிடித்துத் தொங்கவும் வேண்டாம். நம் நாட்டு 400 மீட்டர் ஓட்டக்காரி ஷெரீன் சாம்சன் வல்லபோய் ஓடியது மினசோட்டாவில் வினோனா ஸ்டேட்டுக்காக, அது டிவிஷன் 2. அப்புறம்தான் 2023 சீ விளையாட்டில் (தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டி) தங்கம்.

இப்போதைக்கு டிவிஷன் 2 கல்லூரி ஒன்றிலிருந்து வீடியோவில் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. அது அவள் எழுதிய கடிதத்துக்கு வந்தது. இதற்கிடையில் உள்ளூருக்கும் விண்ணப்பிப்போம், தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறிவியலைத்தான் முதலில் போடப் போகிறாள். இரண்டாம் தவணை கேட்டு ஏஜென்ட் போன வாரமும் கூப்பிட்டார். இன்னும் கட்டவில்லை.

அப்படியும் போவதென்றால் வார நாளில் காலையிலேயே போங்கள், மதியத்துக்கு மேல் அந்தத் தங்கச்சி இருக்க மாட்டார். கீழே கார் நிறுத்த இடம் கிடைக்காது.