கூரையில் சோலர், வாசலில் லீஃப்: யாழ்ப்பாணத்தில் சில வருட அனுபவம்

சோலரும் மின்சாரக் காரும் சேர்த்து எடுக்க யோசிப்பவர்கள் முதலில் கேட்பது பில் எவ்வளவு குறையும் என்றுதான். குறையும், நன்றாகவே குறையும். ஆனால் இவ்வளவு காலம் பாவித்த பிறகு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, காரை எத்தனை மணிக்குச் சார்ஜில் போடுகிறோம் என்பது.

எங்கள் வீடு வலிகாமப் பக்கம். கூரையில் 5 கிலோவாட், 2016இல் வந்த சூரிய பல சங்கிராமய என்ற அரசின் கூரைச் சோலர் திட்டத்தில், நெற் அக்கவுண்டிங் முறையில் போட்டது; அதாவது நாங்கள் பாவித்தது போக மிஞ்சும் கரண்டை மின்சார சபை காசு கொடுத்து வாங்கும். மிஞ்சி அனுப்பும் அலகுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், பிறகு 15.50. கார் ஜப்பானில் ஓடி வந்த பழைய நிசான் லீஃப், 24 கிலோவாட் மணி பற்றரி. இந்தப் பற்றரியைக் குளிர்விக்க அதற்குள் எந்த ஏற்பாடும் இல்லை, எங்கள் வெயிலுக்கு அது சீக்கிரமே தேய்கிறது. பற்றரியின் கொள்ளளவைப் புதிதில் 12 கோடாகக் காட்டும் மீற்றர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, இப்போது பருத்தித்துறை போய்வரத் தாராளமாகப் போதும், கிளிநொச்சி போய்வருவதென்றால் இடையில் எங்காவது சார்ஜ் போட வேண்டும். பள்ளிக்கூடம், சந்தை, ஆஸ்பத்திரி என்று ஊருக்குள் ஓட இதைவிட நல்ல வாகனம் எனக்குத் தெரியாது.

பனல் பற்றி ஒரு விஷயம், இதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக் காலத்தில் செம்மண் புழுதி கண்ணாடியில் அப்படியே படியும். அதைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டால் எங்கள் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு வெள்ளையாகப் பூத்து நிற்கும், பிறகு தேய்த்தாலும் போகாது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்து, விடியற்காலையில் பனல் சூடாவதற்கு முதல் கழுவுங்கள்.

2022இல் பெற்றோலுக்கு எல்லோரும் வரிசையில் நின்றபோது லீஃப் ஓடியது. ஆனால் மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணி நேரம் வரை போனது. நல்ல வெயில் நேரம், கூரையில் பனல், ஆனாலும் வீட்டில் கரண்ட் இல்லை. லைன் செத்தால், பனல் தருவதை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வேட்டரும் தானாக நின்றுவிடும், லைனில் வேலை செய்பவர்களுக்குக் கரண்ட் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பற்றரி இல்லாத சோலர் மின்வெட்டுக்கு உதவாது, இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

அப்புறம் ஒழுங்கையில் சோலர் வீடுகள் கூடின. ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் எல்லாக் கூரையும் ஒரே மின்மாற்றிக்குத் தள்ள, பாவிக்க ஆளில்லாமல் வோல்ட் ஏறும். இன்வேட்டர் திரையில் 250ஐத் தாண்டிப் போய், ஒரு கட்டத்தில் டிக் என்று நின்று, சில நிமிடம் கழித்துத் திரும்ப எழும்பும். அந்த நேரம் பார்த்துக் காரைச் சார்ஜில் போட்டால், இழுக்கிற 3 கிலோவாட் அளவுக்கே வோல்ட் கண்ணுக்கு முன்னால் இறங்குகிறது, இன்வேட்டரும் நிற்காமல் ஓடுகிறது. நாட்டின் மின்வலையமைப்புக்கு இப்போது என்ன நடக்கிறது என்பதை அந்தச் சின்னத் திரையிலேயே பார்க்கலாம்.

2025 பெப்ரவரி 9, அதுவும் ஞாயிறு. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பட்டதால் கோளாறு என்றார்கள், முழு நாடும் இருண்டது, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றன. குரங்கின் கதைதான் எங்கும் பரவியது. பாவனை குறைந்த, சோலர் கூடிய நேரத்தில் வலையமைப்பு எவ்வளவு நொய்தாக இருக்கிறது என்பதை ஆட்கள் அவ்வளவாகக் கதைக்கவில்லை. பெரிய டர்பைன்களின் சுழலும் பாரம்தான் ஒரு தடுமாற்றம் வந்தால் தாங்கிப் பிடிப்பது, சோலர் இன்வேட்டரில் சுழல்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறைக்கு, 13 முதல் 21 வரை தினமும் பின்னேரம் 3 மணிவரை கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. நாங்களும் நிறுத்தினோம். அவ்வளவு வெயிலும் வீணாகப் போனதில் எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

ஏனென்றால் அதே வெயிலுக்கு ஆயிரக்கணக்கான கார்கள் வெறும் பற்றரியோடு நின்றிருக்கும். நெற் அக்கவுண்டிங்கில் மாதக் கணக்கு மொத்தமாகக் கழிபடும், பகல் 12க்குப் போட்டாலும் இரவு 7க்குப் போட்டாலும் எனக்கு ஒரே அலகு. வலையமைப்புக்கு அப்படி இல்லை. மாலை 6.30 முதல் 10.30 வரைதான் உச்ச நேரம், மழை குறைந்த காலத்தில் எண்ணெய் எரித்துத்தான் அதைச் சமாளிக்கிறார்கள். நேரத்துக்கு நேரம் அலகு விலை மாறும் நேரக் கணக்குக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கும் ஆக மலிவு இரவு 10.30க்குப் பிறகுதான். கரண்ட் மிஞ்சிக் கிடக்கும் நடுப்பகலில் சார்ஜ் போட யாருக்கும் ஒரு காரணம் கொடுக்கப்படவில்லை. கட்டணத்தை மாற்றினால் பழக்கம் தானாக மாறும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் பள்ளிக்கூடத்தால் 2 மணிக்கு முன்னரே வந்துவிடுவேன், வந்த உடனே காரைச் செருகிவிடுவேன். 5 மணி வரை வேலை செய்பவருக்கு அது முடியாது. அவருடைய கார் நடுப்பகலில் நிற்பது கச்சேரியிலோ (மாவட்டச் செயலகம்) வங்கியிலோ ஆஸ்பத்திரி வளவிலோதான். அங்கே பெரிய விரைவுச் சார்ஜர் தேவையில்லை. நிழலில் நிறுத்துகிற இடத்தில் ஒரு 15 அம்பியர் பிளக்கும் ஒரு மீற்றரும் வைத்தால் போதும், நாலைந்து மணி நேரத்தில் ஊருக்குள் ஓடத் தேவையானது ஏறிவிடும். புதிதாகச் சோலர் போடுபவர்கள் பற்றரியும் பூட்டக்கூடிய ஹைபிரிட் இன்வேட்டராகப் பார்த்து எடுங்கள், பற்றரியைப் பிறகு காசு சேரும்போது சேர்க்கலாம்.