ஐஃபேக்ட்ஸ்: 18 நிமிடம் முன்னே பார்க்கும் திரை

இங்கிலாந்தின் ஸ்வான்விக் வான்வழிக் கட்டுப்பாட்டு மையத்தில் 2011-ல், ஒவ்வொரு விமானத்தின் விவரமும் எழுதிய காகிதச் சீட்டுகளின் இடத்துக்கு வந்த மென்பொருள் இது. அடுத்த 18 நிமிடத்துக்குள் எந்த விமானங்கள் நெருங்கும் என்று கணித்துக் காட்டும்.

ஒரே உயரத்தில் பறப்பவற்றுக்குக் கணிப்பு அருமை. ஏறும்போதுதான் சிக்கல். விமானத்தின் உண்மையான எடை கணினிக்குத் தெரியாது. டேங்க் நிறைய எரிபொருளோடு கிளம்பிய விமானம் கணித்ததைவிட மெதுவாக ஏறும். காற்றும் சேர்ந்து கெடுக்கும். அதனால் கட்டுப்பாட்டாளர், "இந்த இடத்துக்குள் 31,000 அடியைத் தொட முடியுமா?" என்று விமானியிடமே கேட்பார். சந்தேகமென்றால் எதிரே வரும் விமானத்துக்கு 1,000 அடி கீழேயே நிறுத்தி, இரண்டும் கடந்த பிறகே ஏறச் சொல்வார்.

இன்னொன்று: விமானிக்குக் கொடுத்த உத்தரவைக் கட்டுப்பாட்டாளர் உடனே கணினியில் பதியாவிட்டால் கணிப்பு பழைய பாதையிலேயே ஓடும். உத்தரவை மீறி விமானம் விலகினால் எச்சரிப்பதுதான் இதன் பெரிய பலம். அதற்காகவே இதைத் தாராளமாகப் பாராட்டலாம்.