முதுகலைப் பட்டம்: யாருக்குத் தேறும், எப்போது தேறும்

முதுகலைப் பட்டம் என்ற ஒரே லேபிளில் மூன்று வெவ்வேறு சரக்குகள் விற்பனையாகின்றன. எது வேண்டும் என்று தெரியாமல் வாங்குகிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள்.

முதலாவது, நுழைவுச்சீட்டு. உளவியல் ஆலோசகர், நூலகர் போன்ற சில வேலைகளுக்குப் பல நாடுகளில் இந்தப் பட்டம் இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. அந்த வேலைதான் வேண்டுமென்றால் யோசிக்க ஒன்றுமில்லை. அங்கீகாரத்தை மட்டும் பல்கலைக்கழகத்தின் விளம்பரத்தில் பார்க்காமல், உரிமம் தரும் அமைப்பின் பட்டியலில் பாருங்கள். 'அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ளோம்' என்பதும் 'பெற்றுள்ளோம்' என்பதும் ஒன்றல்ல.

இரண்டாவது, ஆய்வேட்டுடன் வருவது. முனைவர் பட்டத்துக்கு முன்படி. ஐரோப்பாவில் பெரும்பாலும் இது தேவை. அமெரிக்காவிலோ பல துறைகள் இளங்கலை முடித்தவரையே நேரடியாக முனைவர் படிப்பில் சேர்த்து, உதவித்தொகையும் கொடுக்கின்றன. அங்கே போக நினைப்பவர் தனியாகக் காசு கட்டி முதுகலை படிப்பது பல நேரங்களில் வீண்செலவு. சேருவதற்கு முன் நெறியாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அந்த ஆண்டு அவர் ஆய்வு விடுப்பில் போகிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பாடத்தாள்கள் மட்டும் உள்ளது. அதிகம் விற்பதும் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். நீங்கள் விரும்பும் பதவிக்கான முப்பது வேலை விளம்பரங்களை எடுத்து, எத்தனையில் முதுகலை 'கட்டாயம்', எத்தனையில் 'இருந்தால் நல்லது' என்று எண்ணுங்கள். 'கட்டாயம்' நாலைந்தைத் தாண்டவில்லையென்றால் தள்ளிப்போடலாம்.

செலவுக் கணக்கில் கட்டணத்தோடு இழக்கும் சம்பளமும் கடன் வட்டியும் சேர வேண்டும். பட்டத்துக்குப் பிறகு வரும் சம்பளத்தை இன்றைய சம்பளத்தோடு ஒப்பிடுவது பரவலான தவறு. படிக்காமல் வேலையிலேயே இருந்திருந்தால் இதற்குள் எவ்வளவுக்கு உயர்ந்திருக்கும் என்பதோடுதான் ஒப்பிட வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் நேரக் கணக்கையும் போடட்டும். படிப்புச் சுமையை அளக்கும் அலகுதான் கிரெடிட். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. 90 கிரெடிட் என்றால் குறைந்தது 2,250 மணி நேரம். வாரம் 15 மணி நேரம் ஒதுக்கினால் 150 வாரங்கள், ஒரு வாரம்கூட விடாமல். இதையே 'இரண்டு ஆண்டு பகுதிநேரப் படிப்பு' என்று விற்றால் வாரத்துக்கு 21 மணி நேரத்துக்கு மேல் போகும். பாதியில் நிற்பவர்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான், பாடம் கடினம் என்பதால் அல்ல.

ஓராண்டுப் படிப்பில் வேறொரு குறை. பெரிய நிறுவனங்களின் ஆள்சேர்ப்பு பல துறைகளில் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே ஆரம்பித்துவிடும். அப்போது கையில் ஒரு மதிப்பெண்கூட இருக்காது. துறை மாறுகிறவர்களுக்கு, நடுவில் நீண்ட விடுமுறையும் இன்டர்ன்ஷிப்பும் கிடைக்கும் இரண்டாண்டுப் படிப்பே மேல்.

எப்போது? கணிதம், இயற்பியல் போன்றவற்றில் இடைவெளி விட்டால் கை துருப்பிடிக்கும். சூட்டோடு சூடாகப் போவது நல்லது. மேலாண்மைக்கு மூன்று ஆண்டாவது வேலை பார்க்காமல் போனால், வகுப்பு விவாதத்தில் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. மேற்படிப்புச் சேர்க்கைத் தேர்வான ஜிஆர்இ மதிப்பெண் 5 ஆண்டு செல்லும், ஆங்கிலத் தேர்வுகளான ஐஇஎல்டிஎஸ், டோஃபல் 2 ஆண்டுதான். ஆகவே ஆங்கிலத் தேர்வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது, பேராசிரியரின் நினைவுக்கு உண்டு. கல்லூரியை விட்டுக் கிளம்பும்போதே கேட்டு வைத்து, செய்த புராஜெக்ட்டின் ஒரு பக்கச் சுருக்கத்தையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இடம் கிடைத்த பிறகு ஓராண்டு தள்ளிப்போடப் பல பல்கலைக்கழகங்கள் விடும். உதவித்தொகையும் கூடவே தள்ளிப்போகும் என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குத் தனியாக எழுத்துப்பூர்வமான பதில் வாங்க வேண்டும்.